பனியனில் ஊசித் துளைகள்: காரணத்தைத் துப்பறியும் முழு வழிகாட்டி

நான்கு டி-ஷர்ட்டுகள். நான்கிலும் தொப்புளுக்கு மூன்று விரல் கீழே குண்டூசித் தலை அளவில் துளைகள். ஒன்றில் இரண்டு, இன்னொன்றில் ஏழு. அந்துப்பூச்சிதான் என்று நானாகவே முடிவு கட்டி, பீரோ முழுக்க அந்துருண்டையை அள்ளிப் போட்டேன். இரண்டு மாதம் அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரர் மூக்கைச் சுளித்ததுதான் மிச்சம். ஐந்தாவது சட்டையிலும் துளை விழுந்தது.

ஊரிலிருந்து வந்திருந்த சித்தி அந்தச் சட்டையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஏனப்பா, இதே பீரோவில்தானே அக்காவின் பட்டுப் புடவையும் இருக்கிறது? அதை விட்டுவிட்டு உன் பனியனையா அந்து தின்னும்? அதுவும் வயிற்றை மட்டும் தேடிப் பிடித்து?”

எந்தத் துணி, உடம்பில் எந்த இடம், எங்கே இருக்கும்போது என்று மூன்று விசாரணை அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. நான் இரண்டு மாதம் கழித்துச் செய்ததை நீங்கள் முதல் நாளே செய்வதற்காக, வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: தைக்காதீர்கள், தூக்கிப் போடாதீர்கள்

துளை விழுந்த துணிகளை ஒன்றுவிடாமல் எடுத்துக் கட்டிலில் பரப்புங்கள். ஒரே ஒரு துணியை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. நான்கைந்து சேர்ந்தால்தான் ஓர் ஒழுங்கு கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு துளையையும் சுற்றித் தையல்காரர் சாக்கால் வட்டம் போடுங்கள். அடையாளத்துக்கு ஊக்குக் குத்த வேண்டாம், விசாரணையே தடயத்தைக் கெடுத்துவிடும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். துளை வளர்கிறதா என்று மாதம் கழித்து ஒப்பிட அது உதவும்.

அந்தத் துணிகள் யாருடையவை என்றும் பாருங்கள். வீட்டில் ஐந்து பேர் இருந்து ஒருவருடைய துணியில் மட்டும் துளை என்றால் சலவை இயந்திரத்தையும் பூச்சியையும் ஏறத்தாழ விடுவித்துவிடலாம். அவை ஆள் பார்ப்பதில்லை. அவர் என்ன அணிகிறார், எதன் மீது சாய்கிறார், என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள்.

இரண்டாவது: துளை உடம்பில் எங்கே விழுகிறது

சட்டையை அணிந்தபடி கண்ணாடி முன் நில்லுங்கள். துளைக்கு நேர் எதிரே, துணிக்கு வெளியே என்ன தொடும், உள்ளே என்ன இருக்கும் என்று பாருங்கள். பாதி வழக்குகள் இங்கேயே தீர்ந்துவிடும்.

தொப்புளுக்குக் கீழே, நடுவில், ஒரு விரல் நீளத்துக்குள் கூட்டமாகத் துளைகள் என்றால் உள்ளே ஜீன்ஸ் பொத்தானோ பெல்ட் கொக்கியோ இருக்கும். வெளியே சமையல் மேடையின் கிரானைட் விளிம்பு, அலுவலக மேசை, அல்லது கார் சீட் பெல்ட். நடுவில் மாட்டிக்கொண்ட மெல்லிய பனியன் துணி, அம்மிக்கும் குழவிக்கும் இடையில் அகப்பட்ட மிளகாய்தான். பாத்திரம் கழுவும்போது சட்டை நனைந்து மேடையோடு ஒட்டிக்கொள்வதால் உராய்வு இன்னும் கூடுகிறது. என் வழக்கில் இதுதான் நடந்தது. நிரூபித்த விதத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அதே வயிற்றுப் பகுதியில், ஆனால் கொஞ்சம் மேலே, தனித்தனியாகத் துளைகள் என்றால் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பாருங்கள். அட்டைக்கும் நாடாவுக்கும் இடையில் உள்ள உலோகக் கொக்கி நாள் முழுக்க அங்கேதான் ஆடிக்கொண்டிருக்கிறது.

நைட்டியிலும் ஜாக்கெட்டிலும் மார்புப் பகுதியில் ஊசி அளவுத் துளைகள் இருந்தால் தாலிக்கொடியில் மாட்டி வைத்திருக்கும் ஊக்குகளைப் பாருங்கள். அவசரத்துக்கு வேண்டும் என்று இரண்டு மூன்று ஊக்குகளைக் கொடியிலேயே கோத்து வைப்பது நம் வீடுகளில் பழக்கம். அவற்றில் ஒன்றின் வாய் சற்றுத் தளர்ந்திருந்தாலும் போதும், தூக்கத்தில் புரளும்போதெல்லாம் குத்தும். குற்றவாளி இத்தனை நெருக்கத்தில் இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

புடவையின் கீழ்க்கரையை ஒட்டி இழை இழுபட்டு ஓட்டை விழுந்தால் மெட்டியும் கொலுசின் திருகும் காரணமாக இருக்கும். ஃபால்ஸ் தைப்பதன் பயன்களில் ஒன்று இந்தக் கால் நகைகளுக்குத் தடுப்பாக இருப்பது. தோளிலும் கொசுவத்திலும் இரட்டைத் துளைகளாக இருந்தால் ஊக்குக் குத்திய தடம். பட்டில் அந்தத் துளை ஆறாது. குத்தும்முன் ஊக்கின் அடியில் சிறு மணியைக் கோத்துக்கொண்டால் துணி வளையத்துக்குள் நுழைந்து சிக்காது.

தோளின் பின்புறமும் இடுப்பின் பின்புறமும் மெலிந்து போயிருந்தால் முதுகுப்பை. முழங்கை என்றால் மேசை விளிம்பு. அக்குளில் துணி விறைத்து வெடித்திருந்தால் வியர்வையும் அதைத் தடுக்கப் பூசும் பொருள்களின் உப்பும் சேர்ந்து இழையைத் தின்றிருக்கின்றன. அங்கெல்லாம் துளைக்கு முன்பே மஞ்சள் கறை வந்திருக்கும்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் முதுகில் ஒன்று, கையில் ஒன்று, பாவாடை ஓரத்தில் ஒன்று என்று சிதறிக் கிடந்தால் அணியும்போது விழுந்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. துவைப்பது, காயப்போடுவது, இஸ்திரி, அலமாரி என்ற வரிசையில் தேட வேண்டும்.

மூன்றாவது: மறுபடி மடித்துப் பாருங்கள்

இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. காசு செலவில்லை, இரண்டு நிமிட வேலை. துணி அலமாரியில் எப்படி மடிந்திருந்ததோ அதே மடிப்புக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அமைந்தால் துணி மடிந்த நிலையில் இருந்தபோதுதான் எதுவோ நான்கு மடிப்பையும் துளைத்திருக்கிறது. பூச்சி, எலிப்பல், அலமாரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, இஸ்திரிக் கடையில் எண் சீட்டைப் பிணைக்க அடித்த ஸ்டேப்ளர் பின் ஆகியவை இந்தப் பட்டியலில் வரும். ஸ்டேப்ளர் என்றால் எப்போதும் இரண்டு துளைகள், எப்போதும் ஒரே இடைவெளி.

எப்படி மடித்தாலும் பொருந்தவில்லை என்றால் துணி விரிந்திருந்தபோது விழுந்த துளை.

பட்டுப் புடவையில் மடிப்புக் கோட்டின் மீதே நேர்வரிசையாக விரிசல் விட்டிருந்தால் அது பூச்சியே இல்லை. வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்து இழை முறிந்திருக்கிறது, ஜரிகை இருக்கும் இடத்தில் சீக்கிரமாகவே முறியும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றி வைக்கச் சொல்லும் பெரியவர்களின் வார்த்தைக்கு இதுதான் காரணம்.

நான்காவது: துளையின் விளிம்பு

ஒரு பூதக்கண்ணாடியோ, உருப்பெருக்கிக் காட்டும் கைப்பேசிக் கேமராவோ வேண்டும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்.

உராய்வில் விழுந்த துளையைச் சுற்றிலும் துணி கொசுவலை போல மெலிந்திருக்கும். துளைக்கு வெளியே ஒரு விரற்கடை தூரம் வரை வெளிச்சம் கசியும், இழை நுனிகள் பஞ்சு பறந்து கிடக்கும். என் சட்டைகளில் ஒன்றில் ஏழு துளைகளைத் தவிர இன்னும் பத்துப் பன்னிரண்டு இடங்கள் துளையாகக் காத்திருந்ததை இப்படித்தான் பார்த்தேன். ஒரு நாளில் கடிபட்ட துணி இப்படி இருக்காது.

கத்தரித்தது போல இழை நுனி சுத்தமாக இருந்து, சுற்றியுள்ள துணி புதிதுபோல உறுதியாக இருந்தால் ஊசி, ஜிப்பின் பல், பிளேடு என்று தேடுங்கள். துளையிலிருந்து இரு பக்கமும் சுருக்கக் கோடு ஓடினால் ஏதோ கொக்கியில் மாட்டி இழுபட்டிருக்கிறது. வீட்டில் பூனை இருந்தால் முதலில் அதை நினையுங்கள்.

பூச்சி தின்ற விளிம்பு ஒழுங்கற்று, பிறை பிறையாகக் கடிபட்டிருக்கும். அருகில் முழுதும் துளைக்காமல் மேல் இழைகளை மட்டும் மேய்ந்த தடங்களும் இருக்கும். மணல்போன்ற நுண்ணிய எச்சம் உதிர்கிறதா என்று வெள்ளைத்தாளின் மேல் துணியைத் தட்டிப் பாருங்கள். அந்துப்புழுவின் எச்சம் பெரும்பாலும் அது தின்ற துணியின் நிறத்திலேயே இருக்கும். சிவப்புப் பட்டைத் தின்றால் சிவப்புப் பொடி.

தீப்பொறி பட்ட துளையைத் தடவினால் தெரியும். பாலியெஸ்டர் கலந்த துணி என்றால் விளிம்பு உருகி, உறைந்து, சின்ன மணிபோல் கெட்டியாக இருக்கும். சுத்தப் பருத்தி என்றால் விளிம்பு பழுப்பேறி நொறுங்கும். தீபாவளிக்கு மறுவாரம் இந்தத் துளைகள் வந்தால் விசாரணையே தேவையில்லை. ஊதுபத்திக் கங்கும் இதே வேலையைச் செய்யும். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியில் தேய்க்கும் கடைக்குத் துணி கொடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெட்டியை வீசிக் கங்கைத் தூண்டும்போது பொறி பறக்கிறது. மேல் மடிப்பில் மட்டும் கடுகளவு கருகல் இருந்தால் அங்கே கேளுங்கள், சண்டைக்குப் போகாமல். தாளிக்கும் எண்ணெய் தெறித்துத்தான் ஓட்டை விழுந்தது என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சூட்டுக்குப் பருத்தியும் கருகாது, பாலியெஸ்டரும் உருகாது. கறைதான் மிஞ்சும், அந்தக் கறைக்குப் பூச்சி வரும்.

கடைசியாக, விளிம்பை இரு கட்டைவிரல்களுக்கு இடையே பிடித்து மெல்ல இழுங்கள். நனைந்த காகிதம்போல் கிழிந்துகொண்டே போனால் ரசாயனம்.

ஐந்தாவது: அமிலமும் ப்ளீச்சும்

இந்தக் குற்றவாளிகளிடம் ஒரு தந்திரம் இருக்கிறது. தெறித்த அன்று ஒன்றுமே தெரியாது. துணியைத் துவைத்த பிறகுதான் துளை விழும், பழி சலவை இயந்திரத்தின் மேல் போகும்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியபோது, மூடியைத் துடைத்தபோது, பைக் பேட்டரியைக் கழற்றியபோது என்ன அணிந்திருந்தீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். பருத்தி இழை செல்லுலோஸால் ஆனது, அமிலம் அதைச் சிதைத்துவிடும். பாலியெஸ்டர் தாக்குப்பிடிக்கும். அதனால் இரண்டும் கலந்த சட்டையில் ஒரு விசித்திரமான தடயம் கிடைக்கும். பருத்தி மட்டும் கரைந்துபோய், துளை விழவேண்டிய இடத்தில் பாலியெஸ்டர் இழைகள் சல்லடைபோல மிஞ்சி நிற்கும். அப்படி ஒரு வலையைப் பார்த்தால் வேறெதையும் தேட வேண்டாம்.

கழிவறை கழுவும் ஆசிட் தெறித்த துளைகள் பெரும்பாலும் லுங்கி, நைட்டி, பேன்ட் இவற்றின் கீழ்ப்பகுதியில், முழங்காலுக்குக் கீழே சிதறியிருக்கும். தெறித்தது தெரிந்த உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசி, ஆப்ப சோடா கரைத்த நீரில் முக்கி, மறுபடி அலசினால் துணியைக் காப்பாற்றலாம். காய்ந்த பிறகு நேரம் கடந்துவிடும்.

ப்ளீச்சிங் பவுடர், ப்ளீச் திரவம் இரண்டுமே பருத்தியை மெல்ல மெல்லப் பலவீனமாக்கும். பட்டையும் கம்பளியையும் கரைத்தே விடும். துளையைச் சுற்றி நிறம் வெளுத்திருப்பதுதான் அடையாளம். வாளியின் அடியில் சரியாகக் கரையாமல் கிடந்த பவுடர்க் கட்டி ஒன்று போதும். ப்ளீச்சையும் கழிவறை ஆசிட்டையும் ஒருநாளும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

துருவும் இதில் சேரும். மொட்டைமாடியில் துருப்பிடித்த கம்பிக் கொடி, துருப்பிடித்த ஸ்பிரிங் உள்ள கிளிப் இருந்தால் முதலில் காவிக் கறை, சில மாதம் கழித்து அதே இடத்தில் ஓட்டை. கம்பியை மாற்றிவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள்.

ஆறாவது: சலவை இயந்திரமும் துவைகல்லும்

இயந்திரத்தின் மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். பழைய நைலான் காலுறை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு, அல்லது ஒரு உருண்டைப் பஞ்சை விரல்களில் பிடித்துக்கொண்டு, தொட்டியின் உட்புறம் முழுவதையும் மெல்லத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தால் அங்கே மாட்டும். துளைகளின் ஓரம், தகடு இணையும் கோடு, மேலே திறக்கும் இயந்திரம் என்றால் அடியில் சுழலும் தட்டின் விளிம்பு, பஞ்சு சேரும் வலையின் உடைந்த பிளாஸ்டிக், முன்னால் திறக்கும் இயந்திரம் என்றால் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் மடிப்பு ஆகியவற்றைத் தவறவிடாதீர்கள். அந்த ரப்பர் மடிப்புக்குள் விரலை விட்டால் நாணயம், ஹேர்பின், ஸ்டேப்ளர் பின் என்று சின்ன உண்டியலே கிடைக்கும். பிசிறு கிடைத்தால் நுண்ணிய உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் இயந்திரத்தின் மேல் தவறில்லை, கூடப் போட்ட துணியின் மேல்தான். திறந்த ஜிப் ஒரு ரம்பம். பிராவின் கொக்கி ஒரு தூண்டில். இரண்டையும் பனியனோடு சேர்த்து அரை மணி நேரம் சுழலவிட்டால் என்ன ஆகும்? ஜிப்பை ஏற்றி, கொக்கியை மாட்டி, மெல்லிய துணிகளை வலைப்பையில் போட்டு, ஜீன்ஸைத் தனியாகத் துவையுங்கள். தொட்டியை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பருத்தி நனைந்தாலும் பலம் குறையாது, ஆனால் ரேயான் நனைந்தால் வெகுவாகப் பலமிழக்கும். ரேயான் குர்த்திகள் சீக்கிரம் ஓட்டை விழுவதற்கு இது ஒரு காரணம்.

கல்லில் அடித்துத் துவைக்கும் வீட்டில் துளைகளோடு பொத்தான்களும் உடைகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து நடந்தால் கல்தான். சிமென்ட் பூச்சு பெயர்ந்து, ஜல்லி முனை வெளியே தெரியும் கல்லை உள்ளங்கையால் தடவினாலே உறுத்தும்.

ஏழாவது: பூச்சிகளின் முறை

பூச்சியை ஏழாவதாகத்தான் வைக்கிறேன், காரணத்தோடுதான். எல்லாரும் முதலில் ஓடுவது இங்கே. எந்தப் பூச்சி எதைத் தின்னும் என்று தெரிந்தால் தேடல் சுருங்கிவிடும்.

துணி அந்து ஆறேழு மில்லிமீட்டர் நீளமுள்ள, வெளிர்பொன் நிறச் சின்னப் பூச்சி. வளர்ந்த பூச்சி எதையும் தின்பதில்லை, புழுதான் தின்னும். அதற்கு வேண்டியது விலங்கு இழைகளில் உள்ள புரதம். எனவே கம்பளி, பட்டு, இறகு. சுத்தமான பருத்தியை அது தீண்டாது. வியர்வையோ சாப்பாட்டுக் கறையோ படிந்திருந்தால் கடிக்கலாம். வெளிச்சம் அதற்கு ஆகாது. உங்கள் வீட்டு டியூப் லைட்டைச் சுற்றும் பூச்சி அரிசி, ரவை, கேழ்வரகு டப்பாவிலிருந்து வந்த தானிய அந்தாக இருக்கும். அது துணியைத் தின்னாது, சமையலறையைச் சுத்தம் செய்யுங்கள்.

சுவரில் வெள்ளரி விதை வடிவில், சாம்பல் நிறத்தில், மணல் ஒட்டிய தட்டையான கூடு ஒன்று மெல்ல நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். பல வீடுகளில் அதைக் குப்பை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அதற்குள் புழு இருக்கிறது. கூட்டின் இரு முனையும் திறந்தவை, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தலையை நீட்டும். ஒட்டடை, உதிர்ந்த தலைமுடி, செத்த பூச்சி இவற்றைத் தின்று வாழும். கம்பளி கிடைத்தால் விடாது. பீரோவின் பின்புறம் ஒட்டடை அடித்தாலே பாதிக் கூட்டம் போய்விடும்.

பருத்தி வேட்டியும் கைத்தறிப் புடவையும் அரிபட்டிருந்தால் இராமபாணப் பூச்சியைச் சந்தேகியுங்கள். வெள்ளி நிறத்தில், மீன்போல வழுக்கி ஓடுமே, புத்தக அலமாரியில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிடித்தது மாவுப்பொருள், அதாவது நாம் துணிக்குப் போடும் கஞ்சி. மொடமொடப்பாகக் கஞ்சி போட்டு மாதக்கணக்கில் அடுக்கி வைப்பது அதற்கு இலை போட்டுப் பரிமாறுவது மாதிரி. வைக்கும்போது கஞ்சி இல்லாமல் வைத்து, கட்டப்போகும் வாரத்தில் போடுங்கள். ஈரமான சுவரை ஒட்டிய அலமாரியில்தான் இது பெருகும். கரப்பானும் கறை படிந்த இடத்தைத் தேடி மேயும், மிளகுபோல் எச்சம் விட்டுப்போகும். அடித்தட்டுத் துணியில் மண்ணும் சேர்ந்திருந்தால் கரையான். அலமாரிச் சுவரில் மண் கோடு தெரியும், அது துணிப் பிரச்சினையாக இல்லாமல் வீட்டுப் பிரச்சினையாகிவிட்டது, ஆளைக் கூப்பிடுங்கள். எலி கடித்தது ஊசித் துளையாக இருக்காது.

பூச்சி என்று உறுதியானால் அலமாரியைக் காலி செய்து, இடுக்குகளைத் துடைத்து உலரவிடுங்கள். பருத்தியை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் முட்டையும் புழுவும் சாகும். பட்டையும் கம்பளியையும் அப்படிச் செய்ய முடியாது. அவற்றைப் பிளாஸ்டிக் பையில் காற்றைப் பிதுக்கிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி குளிருக்கு இறங்கும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு பை அறைச் சூட்டுக்கு வரும்வரை பிரிக்காதீர்கள், பிரித்தால் துணியில் ஈரம் கோக்கும். ஊட்டிப் பயணத்தில் வாங்கி, அதன்பின் தொடவே தொடாத ஸ்வெட்டர் பீரோவின் அடியில் இருக்கிறதா? பெரும்பாலும் கூட்டத்தின் தலைமையகம் அதுதான்.

வேப்பிலை, வசம்பு எல்லாம் வாசத்தால் ஓரளவு விலக்கும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுவை அவை கொல்லும் என்று நம்பாதீர்கள். அந்துருண்டை வேலை செய்வது அதன் ஆவியால், எனவே இறுக மூடிய பெட்டிக்குள் மட்டுமே பயன். திறந்த அலமாரியில் போட்டால் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது, நமக்குத்தான் தலைவலி. ஜரிகையின் மேல் படாமல் துணியில் முடிந்து வையுங்கள். கைக்குழந்தையின் துணிகளோடு மட்டும் வைக்கவே கூடாது. ஜி6பிடி என்னும் நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

எட்டாவது: சோதனைத் துணி

இன்னும் சந்தேகம் தீரவில்லையா? அரை மீட்டர் வெள்ளைப் பனியன் துணி வாங்கி மூன்றாக வெட்டி, ஓரத்தில் எண் எழுதுங்கள். முதல் துண்டு ஒவ்வொரு முறையும் துணிகளோடு இயந்திரத்தில் போகட்டும். காய்ந்ததும் அதை வேறு அறையில் ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். இரண்டாவது துண்டு துவைக்கப்படாமல் அலமாரியில், அதிகம் பாதித்த தட்டில் கிடக்கட்டும். அதன்மேல் பழைய பட்டுத் துண்டு ஒன்றையும், லேசாகக் கஞ்சி தடவிய பருத்தித் துண்டு ஒன்றையும் வையுங்கள். மூன்றாவது துண்டு கொடியில் காய்ந்து, இஸ்திரிக்குப் போய்வரட்டும். நான்கு வாரம் பொறுங்கள். எந்தத் துண்டில் துளை விழுகிறதோ அங்கே போய் நில்லுங்கள். மூன்றிலும் விழவில்லை, ஆனால் அணியும் சட்டையில் மட்டும் விழுகிறது என்றால் உங்கள் உடம்பைச் சுற்றியே காரணம் இருக்கிறது.

நான் செய்தது இதைவிட எளிது. யோசனை சித்தியுடையது. சமையல் மேடையின் விளிம்பில் கோலமாவை ஒரு கோடாகத் தேய்த்து வைத்துவிட்டு, கறுப்பு டி-ஷர்ட் அணிந்து வழக்கம்போல் பாத்திரம் கழுவச் சொன்னார். பத்து நிமிடம் கழித்துக் குனிந்து பார்த்தேன். வயிற்றில் வெள்ளைக் கோடு. கோட்டின் நடுவில், ஜீன்ஸ் பொத்தான் அழுத்திய இடத்தில், காசு அளவுக்கு அடர்ந்த வட்டம். பழைய சட்டையை அதன்மேல் பிடித்தபோது ஏழு துளைகளில் ஆறு அந்த வட்டத்துக்குள் விழுந்தன. மேடை விளிம்பைத் தடவினேன். கிரானைட்டை வெட்டிய இடத்தில் மெருகு போடாமலே விட்டிருந்தார்கள். கல் வேலை செய்பவர் ஒருவர் அரை மணி நேரத்தில் முனையை மழுக்கிக் கொடுத்தார். இப்போது ஏப்ரன் கட்டிக்கொண்டுதான் பாத்திரம் கழுவுகிறேன்.

ஒன்பதாவது: துணியே காரணமாக இருக்கலாம்

சட்டைத் துணி நெய்தது, பனியன் துணி பின்னியது. பின்னல் முழுக்க வளையத்துக்குள் வளையம் கோத்தது. ஓர் இழை அறுந்தாலே பக்கத்து வளையங்கள் நழுவித் துளையாக விரிந்துவிடும். நெய்த சட்டை அதே உராய்வைப் பல வருடம் தாங்குகிறது.

வாங்கி இரண்டு மூன்று துவைப்புக்குள், தையல் கோட்டை ஒட்டியே வரிசையாகத் துளைகள் வந்தால் நீங்கள் நிரபராதி. திருப்பூர்ப் பக்கம் இதை நீடில் கட் என்பார்கள். மழுங்கிய அல்லது தவறான ஊசி இழைகளுக்கு நடுவே புகாமல் இழையையே அறுத்துவிடுகிறது. கடையில் பார்க்கும்போது தெரியாது, துவைத்து இழை நழுவும்போதுதான் துளை திறக்கும். ரசீதோடு திருப்பிக் கொடுங்கள். துணியை மிருதுவாக்க நொதி சேர்த்துச் செய்யும் பயோவாஷும் அளவு மீறினால் பலத்தைக் குறைக்கும். அந்த நொதி மேலே நீட்டியிருக்கும் பருத்திப் பிசிறைத் தின்றுதான் மெருகேற்றுகிறது.

வாங்கும்போது ஜிஎஸ்எம் என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். 140-க்குக் கீழே என்றால் மெல்லியது. வெயிலுக்குச் சுகம், ஆனால் ஜீன்ஸ் பொத்தானோடு போட்டிக்கு நிற்காது. 180-க்கு மேல் என்றால் தாக்குப்பிடிக்கும்.

கடைசி வேலை: தைப்பது

காரணம் தெரிந்த பிறகு தையுங்கள். பனியன் துளையில் முதலில் நழுவி நிற்கும் வளையங்களை ஒவ்வொன்றாக ஊசியில் கோத்துப் பிடிக்க வேண்டும். அதைச் செய்யாமல் இரு பக்கத்தையும் இழுத்து முடிச்சுப் போட்டால் சுருக்கம் விழும், பக்கத்தில் புதுத் துளை பிறக்கும். அதே நிற இழையில் ஒரு புரியை மட்டும் பிரித்தெடுத்து, இழுக்காமல், உட்புறமாகத் தையுங்கள். மெலிந்த இடம் பரந்திருந்தால் தையல் சாமான் கடையில் கிடைக்கும், இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் பசைத்துணியை உள்ளே வைத்து ஒட்டலாம். பட்டை நீங்களே தொடாதீர்கள், இழையோடு இழை கோத்துத் துளையை அடைக்கும் டார்னிங் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஊருக்குப் போகும்முன் சித்தி மூன்று சட்டைகளைத் தைத்துக் கொடுத்தார். ஏழு துளைச் சட்டையை மட்டும் தைக்க மறுத்துவிட்டார். அது இப்போது சமையல் மேடையைத் துடைக்கிறது.